காலி டம்ளரின் கணக்கு

...அப்படியானால் ஏறினால் கெட்டது, இறங்கினால் நல்லது, இந்த மீட்டர் தலைகீழ், என்று இன்னொரு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தான், சொல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் மறுபடி மாறிப்போய்விடும். வருஷக்கணக்காக வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டரில் ரீடிங் எடுக்கிறவனுக்கு எண் ஏறுவதென்றால் எங்கேயோ எதுவோ ஓடியிருக்கிறது என்றுதான் அர்த்தம், விளக்கோ, விசிறியோ, யாரோ அணைக்க மறந்த இஸ்திரிப் பெட்டியோ, ஓடியதற்கான கணக்கு அது. கிரியாட்டினின் என்று டாக்டரம்மா சொன்ன இந்த எண்ணோ ஓடாததற்கான கணக்கு. கிட்னி இரண்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் வெளியே போகவேண்டிய கழிவு வழியில்லாமல் ரத்தத்திலேயே தங்கும், அது எவ்வளவு தங்கியிருக்கிறது என்று காட்டுகிற எண். நேற்று கொஞ்சம் இறங்கியிருந்தது. இன்றைக்கும் இறங்கினால் டயாலிசிஸ் பேச்சை எடுக்கவேண்டாம், ஏறினால் எடுக்கவேண்டும்... காலையில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனவர்கள் சாயங்காலம் சொல்கிறோம் என்றார்கள். மத்தியானம் நர்ஸ் வந்து அத்தைக்குப் போட்டிருந்த மூத்திரக் குழாயை எடுத்துவிட்டாள், டிரிப்பையும் கழற்றியாயிற்று. “இனிமே வாயாலதான் சார். நல்லா குடிக்கணும், தானா போகணும். சாயங்காலத்துக்குள்ள போகலைன்னா மறுபடி டியூப்தான்.” சொல்லிவிட்டு, போகிற போக்கில், கட்டிலுக்கு அடியில் இருந்த வெள்ளை பெட்பேனைக் காலால் கொஞ்சம் வெளியே தள்ளிவிட்டும் போனாள். அவன் அதைப் பார்க்காதவன் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜன்னலுக்கு வெளியே பார்க்க என்ன இருக்கிறது, எதிர்க் கட்டடத்தின் பின்சுவர், அதில் வரிசையாக மீட்டர் பெட்டிகள், அதில் ஒன்றின் மூடி உடைந்து தொங்குகிறது, மழை அடித்தால் தண்ணீர் உள்ளே போகும், யாராவது சொல்லியிருக்கலாம்... வேலையை விட்டு வந்தாலும் கண் வேலையை விடமாட்டேன் என்கிறது. கட்டிலில் அத்தை கண்ணை மூடிப் படுத்திருந்தார், தூக்கமா, தூங்குவது போல இருப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. மனைவியின் அம்மா. கல்யாணமான நாளிலிருந்து அவனை மாப்பிள்ளை என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமா காலமான பிறகு இவர்களோடுதான் இருக்கிறார், அதுவும் ஆயிற்று எத்தனையோ வருஷம், ஒரே வீடு, ஒரே கூடம், ஒரே குளியலறை, ஆனாலும் அவன் கூடத்துக்குள் வருகிறான் என்று செருப்புச் சத்தம் கேட்டால் அத்தை நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார், அத்தை சமையலறையில் இருக்கிறார் என்றால் அவன் வாசலிலேயே ஒரு இருமல் இருமிவிட்டுத்தான் உள்ளே போவான், தொண்டையில் ஒன்றும் இருக்காது, மரியாதைக்கு இருமுவது. சொல்லவேண்டியதை எல்லாம் மனைவி வழியாகச் சொல்லிக்கொள்வார்கள். அம்மாவுக்குக் கண்ணாடி மாத்தணுமான்னு கேளு, அவருக்குக் காரம் தூக்கலா இருந்துதான்னு கேளு. சண்டை கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது, இப்படி ஒரு மாமியாரும் மாப்பிள்ளையும் அமையக் கொடுத்துவைக்கணும் என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சொல்வார்கள், இவர்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சிரிப்பார்கள். நடுவில் நின்ற மனைவியை ஆபீஸில் பயிற்சி என்று கடல் தாண்டி அனுப்பிவிட்டார்கள். அவள் போன கொஞ்ச நாளில் அத்தை குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. உள்ளே ஒரு கம்பி வைத்து ஆபரேஷன். பக்கத்தில் இருக்க அவனை விட்டால் ஆளில்லை. பெண் துணைக்கு ஒரு ஆளைப் போட்டுக்கலாம் அத்தை என்று அவன் முதல் நாளே சொன்னான், எதுக்கு வீண் செலவு, நர்ஸம்மாதான் இருக்காங்களே என்றார் அத்தை, சரி என்று விட்டுவிட்டான். ஏன் விட்டான்? பெரியவர்கள் சொன்னால் தட்டக்கூடாது என்றா, பேச்சை வளர்க்க வெட்கமா... வெட்கம்தான். இப்போது ஏஜென்சியில் சொல்லியாயிற்று, நாளைக்குத்தான் ஆள் வருமாம்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆபரேஷனுக்காகப் போட்ட மூத்திரக் குழாயை அடுத்த நாளே எடுத்துவிட்டார்கள், அப்புறம் எல்லாம் பெட்பேன். மணியை அழுத்தினால் நர்ஸ் வருவாள், அவன் வெளியே போய் வராந்தாவில் நிற்பான், திரை இழுபடும் சத்தம், பிறகு மறுபடி திரை, பிறகு அவன் இருமிவிட்டு உள்ளே வருவான். ஒரு தரம் நர்ஸ் “இப்பதானே வெச்சேன்மா, அதுக்குள்ளயா” என்று சொன்னது வராந்தா வரைக்கும் கேட்டது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வேலை அலுப்பில் சொன்னாள். அத்தை அதற்கு என்ன பதில் சொன்னார் என்பது கேட்கவில்லை. அவனுக்கு அப்போது உறைக்கவேண்டும், உறைக்கவில்லை. அவனுடைய கவனமெல்லாம் ஜக்கிலும் டம்ளரிலும் இருந்தது, தண்ணி நல்லா குடிக்கச் சொல்லுங்க என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் அதை ஒரு உத்தியோகமாக எடுத்துக்கொண்டான். டம்ளரை ரொப்பி அத்தையின் கைக்கெட்டும் இடத்தில் வைப்பான், பெண்பிள்ளை படுத்தபடி தண்ணீர் குடிப்பதை உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது என்ன மரியாதை என்று வெளியே போய்விடுவான், திரும்பி வந்தால் டம்ளர் காலி. மறுபடி ரொப்புவான், மறுபடி காலி. அவன் வேலையே அதுதானே. வாசலில் நின்று ரீடிங் என்று ஒரு குரல் கொடுப்பது, மீட்டரைப் பார்ப்பது, எண்ணைக் குறித்துக்கொண்டு நடையைக் கட்டுவது. வீட்டுக்குள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடுகிற முதல் பாடம், உள்ளே யார் எதற்காக எரித்தார்கள் என்பது நம் விவகாரமில்லை. தெருவில் அவனுக்குப் பெயரே ரீடிங்காரர்தான், நல்ல பெயர், ஒரு வீட்டிலும் அவன் தப்பாகக் குறித்தான் என்று புகார் வந்ததில்லை. ஆகவே நர்ஸ் வந்து அம்மா குடிக்கிறாங்களா சார் என்று கேட்டபோது அவன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான், “நல்லா குடிக்கிறாங்க சிஸ்டர், ஜக்கை நானே ரெண்டு தரம் ரொப்பிட்டேன்.” அப்ப டிரிப் வேண்டாம் என்று நிறுத்தினார்கள். அவன் சொன்னதை வைத்துத்தான் நிறுத்தினார்கள். 

பிறகு அத்தையின் கால் வீங்கியது, ஆபரேஷன் ஆன கால்தானே, வீங்கத்தான் செய்யும் என்று நினைத்தான், மறுநாள் பார்த்தால் மற்ற காலும் வீங்கியிருந்தது. வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று சூப்பைத் தள்ளிவைத்தார். எந்நேரமும் தூங்கினார், வயசானவங்க, ஆபரேஷன் அசதி, தூங்கட்டும் என்று அவன் திரையை இழுத்துவிட்டு வெளிச்சத்தை மறைத்தான். நர்ஸ்தான் முதலில் கேட்டாள், காலையிலேர்ந்து போகவே இல்லையா இவங்க என்று. அப்புறம் ரத்தம், ஸ்கேன், அவசரமாக மறுபடி குழாய், மறுபடி டிரிப், பையில் வந்தது ஒரு கை அளவு, அடர்ந்த டீ நிறத்தில். டாக்டரம்மா அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள், சின்ன வயசு, அவன் மகளாக இருந்திருக்கலாம், ஆனால் பேச்சில் ஒரு நிதானம். “கிட்னி ரெண்டும் திடீர்னு வேலையை நிறுத்தியிருக்கு சார்.” அத்தைக்குச் சர்க்கரைகூட இல்லையே டாக்டர், கிட்னியில ஒரு குறையும் சொன்னதில்லையே என்றான். முன்னாடி குறை இருக்கணும்னு அவசியமில்ல, ரெண்டே நாள் போதும் என்றாள். வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவது வேறு வியாதி, இது வேறு, இது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற வயசானவர்களுக்கு அடிக்கடி வருவதுதான், பெரும்பாலும் வேறு எதற்கோ வந்து படுத்திருப்பார்கள். ஆபரேஷன் சமயத்தில் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது, வலிக்குக் கொடுத்த மருந்தும் கிட்னிக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும், அதை நிறுத்தியாயிற்று, அதோடு உடம்பில் தண்ணீர் போதவில்லை. “மூணும் சேர்ந்து இழுத்துட்டுப் போயிருக்கு. ஆனா கிட்னி செத்துப்போகல, திரும்ப வர வாய்ப்பு நிறைய இருக்கு. வரலைன்னா கொஞ்ச நாளைக்கு டயாலிசிஸ்.” தண்ணீர் போதவில்லை என்றதும் அவன் சொன்னான், இல்லையே டாக்டர், நல்லா குடிச்சாங்களே. அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இன்னொன்று சொன்னாள், இன்றைக்கு நாம் பார்க்கிற எண் இன்றைய எண் இல்லை, ஓரிரண்டு நாளைக்கு முன்னால் நடந்ததைத்தான் இப்போது காட்டுகிறது, இன்னும் ஏறிவிட்டுத்தான் இறங்கும், பயப்படாதீர்கள் என்று. அது மட்டும் அவனுக்கு உடனே புரிந்தது. பில்லும் அப்படித்தான், எரித்தவன் மறந்தபிறகுதான் வரும்.

அன்றைக்குத் தரை துடைக்க வந்த ஆயா வாளியை வைத்துவிட்டு, கட்டிலோரத்து வளைந்த தட்டைக் கையிலெடுத்தபடி, யாரிடமோ பேசுவது போலச் சொன்னாள், “இந்தம்மா வாய் கொப்பளிக்கிறதுக்கே எவ்ளோ தண்ணி செலவு பண்ணாங்க சார். தினம் ரொம்பி வழியும், நான்தான் கொண்டுபோய்க் கொட்டுவேன். இன்னைக்குப் பாருங்க, காஞ்சு கிடக்கு.” அவன் ம் என்றான். ஆயா துடைத்துக்கொண்டே அறைக்கு மறுகோடி போனபிறகும் ம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அந்தத் தட்டுக்கு இங்கே கிட்னி ட்ரே என்று பெயர், அதன் வளைவைப் பார்த்து வைத்த பெயர், சிரிப்பு வரவேண்டிய விஷயம், வரவில்லை. அவன் ரொப்பி வைத்துவிட்டு வெளியே போவான், அத்தை வலியோடு ஒருக்களித்து டம்ளரை எடுத்து, உதட்டை நனைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தட்டில் ஊற்றுவார், அவன் இருமிவிட்டு உள்ளே வருவதற்குள் டம்ளரை இருந்த இடத்தில் வைத்துவிடுவார். கெட்டிக்காரத்தனம்தான். எதற்காக? அவனை மனம் கோணவிடாமல் இருக்க. மாப்பிள்ளை மெனக்கெட்டு ரொப்பி வைக்கிறார், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. குடித்தாலோ போகவேண்டும், போகவேண்டுமென்றால் மணியை அழுத்தவேண்டும், நர்ஸ் அதுக்குள்ளயா என்று கேட்பாள், அவள் வரும்வரை மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அவர் முன்னால் எப்படிச் சொல்வது... அவனிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவரிடம் அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால். கேட்க வாயில்லையா, சொல்ல வாயில்லையா, இரண்டு பேரும் ஆளுக்கொரு டம்ளர் மரியாதையை மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டு ஒரு ஜோடி கிட்னியைப் படுக்கவைத்துவிட்டார்கள். டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னான், எல்லாவற்றையும், தரையைப் பார்த்துக்கொண்டு. நல்ல வேளை சொன்னீங்க, அது ஒண்ணு மட்டுமே காரணம்னு நினைச்சுக்காதீங்க என்றாள். நினைத்துக்கொள்ளாதே என்றால் நினைக்காமல் இருக்க முடியுமா. மனைவியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஆபரேஷனால வந்ததாம், மருந்தால வந்ததாம் என்று பாதியைச் சொன்னான், பாதி உண்மையும் உண்மைதானே என்று தனக்கே சமாதானம், ஆனால் போனை வைத்தபிறகு அந்தச் சமாதானம் நிற்கமாட்டேன் என்கிறது.

அதற்குப் பிறகுதான் அத்தைக்குப் பேச்சு குழம்பியது. கழிவு ரத்தத்தில் தங்கினால் மூளையும் கொஞ்சம் தடுமாறும், சரியாகிவிடும், உங்களை யாரென்று சரியாகச் சொல்கிறார்களா பாருங்கள், அது ஒரு நல்ல அடையாளம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். பகல் நேரம், வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது, அத்தை திடீரென்று கண்ணைத் திறந்து அவனைப் பார்த்து, வந்துட்டியாடா என்றார். அவன் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தான், யாருமில்லை. “எவ்ளோ நேரமாடா உனக்கு. வரிசையைப் பாரு, வாசல் வரைக்கும் நிக்குது. சித்த கவுண்டரைப் பாத்துக்கோ, நான் ஒண்ணுக்குப் போயிட்டு ஓடி வந்துடறேன். காலையில வந்து உக்காந்தது.” அத்தை பஸ் நிலையத்தில் முன்பதிவுக் கவுண்டரில் இருந்தவர் என்பது அவனுக்குத் தெரியும், கல்யாணப் பேச்சின்போதே சொன்னார்கள், அதற்கு மேல் அவன் கேட்டதில்லை. அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் மாற்றிவிட ஆள் வரும்வரை எழ முடியாது என்பது, பெண்களுக்கென்று இருந்த ஒரே கழிப்பறை நிலையத்தின் மறுகோடியில் என்பது, அதனால் காலையில் ஒரு வாய் காபியோடு சாயங்காலம் வரைக்கும் தண்ணீரே தொடாமல் இருக்கப் பழகிக்கொண்டது, எல்லாம் அந்த ஒரு பகலில் துண்டு துண்டாக வெளியே வந்தது. நம்ம ஸ்டாஃப்ல தண்ணி குடிக்காம இருக்கிறதுல எனக்குத்தான்டா முதல் பரிசு என்று சொல்லி ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்பை அவன் அதற்கு முன் கேட்டதே இல்லை, நல்ல சிரிப்பு, அவன் மனைவியினுடையது. யாரந்தப் பையன், இப்போது எங்கே இருக்கிறானோ, டா போட்டுப் பேச உரிமை பெற்றவன். குழாய் போட்டிருந்தாலும் வருகிற மாதிரியே இருக்குமாம், அதனால் அரைமணிக்கொரு தரம் கூப்பிட்டார், எனக்கு முட்டுதுடா, வாயேன், கையைப் பிடியேன். அவன் கையைப் பிடித்தான். போயிட்டு வாங்கக்கா, நான் பாத்துக்கறேன் என்றான், அக்கா என்று எப்படி வந்ததோ, வந்தது. அத்தையின் கை சின்னதாக, சூடாக, பிடி மட்டும் பலமாக இருந்தது. அவனுக்கு வெட்கமாக இல்லை. அவருக்கும் இல்லை. இதுதான் அவனை இரண்டு நாளாக உறுத்துகிறது, புத்தி தடுமாறிய நேரத்தில் அவர் அவனிடம் தயங்காமல் கேட்டார், எல்லாம் கேட்டார்.

இன்றைக்குக் காலையில் எழுந்ததும் அவனைச் சில நொடி உற்றுப் பார்த்துவிட்டு, விலகியிருந்த போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு, “மாப்பிள்ளை, நீங்க தூங்கினீங்களா இல்லையா” என்றார். டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது, பாத்தீங்களா, தெளிஞ்சுட்டாங்க என்றாள், அவனுக்கும் சந்தோஷம்தான், சந்தோஷம் இல்லாமல் என்ன, ஓடிப்போய் மனைவிக்கு போன் போட்டுக் கொடுத்தான், அத்தை போனில் “மாப்பிள்ளை தங்கமா பாத்துக்கறார்டி, நீ அலையாதே” என்று சொல்லிக்கொண்டிருந்ததை வராந்தாவில் நின்று கேட்டான். வராந்தாவில். மறுபடி அங்கேதான் போய் நின்றிருந்தான், கால் தானாகப் போயிருக்கிறது. அப்போதே ஒரு சங்கடம் தொடங்கிவிட்டது, அது என்னவென்று இப்போதுதான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான், பிடிபடுகிறது. கிட்னி தேறினால் புத்தி தெளியும், புத்தி தெளிந்தால் வெட்கம் வரும், வெட்கம் வந்தால் தண்ணீர் குடிக்கமாட்டார், குடிக்காவிட்டால்... இது எங்கே போய் முடியும்? ஆள் தேறிவிட்டார் என்பதற்கு அடையாளம் எதுவோ அதுதானே அவரைப் படுக்கவைத்தது. அத்தை உடம்பு சரியாகி வீட்டுக்கு வரவேண்டும் என்று அவன் வேண்டாத நேரமில்லை, ஆனால் அந்த டா போட்ட அம்மாள் திரும்ப வரமாட்டார் என்பதில் ஒரு வருத்தமும் இருக்கிறது. இதை வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள், வரட்டும், வருத்தம் வருத்தம்தான்.

“மாப்பிள்ளை.” திரும்பினான். கண் திறந்திருந்தது, தூக்கமில்லை, எப்போதிலிருந்தோ விழித்துத்தான் இருந்திருக்கிறார். “போய் ஏதாவது சாப்பிட்டு வாங்களேன்.” அவன் சாப்பிட்டுவிட்டு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, கேன்டீன் ரொட்டியின் பிசுக்கு விரலில் இன்னும் இருக்கிறது, அது அவருக்கும் தெரியும், அவர்தான் அனுப்பியிருந்தார். அப்படியானால்... அடடா, அவனை வெளியே அனுப்பத்தான் அது. இத்தனை நாளும் எத்தனை தரம் சாப்பிட்டு வாங்க என்றார், பசியோ இல்லையோ அவன் எழுந்து போய் ஒரு டீயையோ பன்னையோ விழுங்கிவிட்டு வந்தான், பேன்ட் இறுகுகிறது என்றுகூட நேற்று நினைத்தானே, ஆஸ்பத்திரியில் காவல் இருக்கிறவன் குண்டாவானா என்று. எனக்குப் பசிக்கல அத்தை என்றான். அவர் சொன்னதை மறுத்து அவன் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். அத்தை மேலே விசிறியைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து, “அப்ப அந்த நர்ஸம்மாவைக் கூப்பிடுங்க” என்றார். மணியை அழுத்தினான், கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. வராந்தாவில் போய்ப் பார்த்தான், கோடி அறையில் யாருக்கோ மூச்சுத் திணறல், எல்லாரும் அங்கே, ஒருத்தி ஓடுகிறாள், ஒருத்தி வண்டியைத் தள்ளுகிறாள், அவர்களைக் கூப்பிட நா வரவில்லை, ஆயாவின் துடைப்பம் மட்டும் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. திரும்பி வந்தான். போர்வைக்கு வெளியே தெரிந்த அத்தையின் கால்விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, முதல் பரிசு வாங்கியவர், முகத்தில் காட்டமாட்டார்.

வருவாங்க, இல்லையா மாப்பிள்ளை, என்றார். வருவாங்க அத்தை, என்றான். சாயங்காலத்துக்குள் போகவில்லையென்றால் மறுபடி குழாய், இவ்வளவு வந்து நிற்கிறதே, இதை அடக்கச் சொல்லி உட்காரவைத்தால் அவனை எதில் சேர்ப்பது. திரையைப் பிடித்து இழுத்தான், வளையங்கள் கிரீச்சென்று ஓடின, வெளியே நின்று கேட்ட சத்தம் உள்ளே இப்படி இருக்கிறது. குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து அதை எடுத்தான், சில்லென்று, நினைத்ததைவிட லேசாக இருந்தது. “அத்தை, நான் வெக்கட்டுமா?” அத்தை கண்ணை மூடிக்கொண்டார். சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. நான் கண்ணை மூடிக்கறேன் அத்தை என்று அவன் சொன்னான், அது எவ்வளவு முட்டாள்தனமான பேச்சு என்பது சொன்னபிறகுதான் தெரிந்தது.  பிறகு மூடிய கண்ணைத் திறக்காமலேயே அத்தை, “நீங்களும் மூடிக்கிட்டா எங்க போய் வெப்பீங்க மாப்பிள்ளை” என்றார், கவுண்டரில் தப்பான ஊருக்கு டிக்கெட் கேட்டவனிடம் சொல்கிற குரல் அது. அவன் சிரித்துவிட்டான். அவருடைய உதடும் கோணியது, சிரிப்போ வலியோ. அதற்கப்புறம் எல்லாம் வேலை, அந்தப் பக்கம் இல்ல, அது கம்பி வெச்ச கால், இந்தப் பக்கமா, இடுப்புக்குக் கீழ கையைக் குடுங்க, இன்னும், இன்னும் உள்ள, போதும் என்று அவர் சொல்லச் சொல்ல அவன் செய்தான், போர்வை விலகவில்லை, போர்வைக்குள்ளேயே எல்லாம் ஆயிற்று, இதற்கா இத்தனை நாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு திரையின் பூப்போட்ட துணியைப் பார்த்தபடி நின்றான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல, பிறகு விடாமல், ஓடுகிற சத்தம். டாக்டரம்மா வராந்தாவில் சொன்னதெல்லாம், மூன்றும் சேர்ந்து இழுத்தது, செத்துப்போகவில்லை, திரும்ப வரும், எல்லாம் அந்தச் சத்தத்தில்தான் அவனுக்கு முழுசாக விளங்கியது. கண் கலங்கிவிட்டது, இதற்கெல்லாமா ஒருத்தன் அழுவான் என்று திரைத்துணியையே பிடித்துத் துடைத்துக்கொண்டான்.

மூடி போட்டு எடுத்துக்கொண்டு போய் நர்ஸிடம் காட்டினான், அவள் மூச்சு வாங்க வந்து அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, பரவாயில்லையே, நல்லாவே வந்திருக்கு, நிறமும் தெளிஞ்சிருக்கு என்றாள், யார் வெச்சது என்று கேட்டாள், நான்தான் என்றதும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லையாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அறைக்கு வந்தான். இருமவில்லை. அத்தை சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார், காது மடல் சிவந்திருந்தது. தான் செய்தது உதவியா, அவமானமா... இனி மாப்பிள்ளை குனிந்து வைப்பாரே என்று பயந்தே ஒரு சொட்டும் குடிக்காமல் இருந்துவிட்டால்? அதை யோசிக்காமல் செய்துவிட்டோமோ? டம்ளரை ரொப்பினான். கைக்கெட்டும் இடத்தில் வைக்காமல் நீட்டினான், அத்தை மெல்லத் திரும்பி வாங்கிக்கொண்டார், குடிக்காமல் அதையே பார்த்தார். “இன்னைக்குள்ள எவ்ளோ குடிக்கணுமாம்?” ஜக்கைக் காட்டினான், இது முழுசும் அத்தை. அவர் ஜக்கைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், உதடு லேசாக அசைந்தது, கணக்குப் போடுகிறார், இத்தனை டம்ளர் என்றால் இத்தனை தரம், நாளைக்கு ஆள் வரும்வரை இத்தனை தரம் மாப்பிள்ளை, டிக்கெட் கணக்கை வாயால் போட்டுப் பழகியவர் இதையும் அப்படியே போடுகிறார். அவனுக்கு வெளியே போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். குடிக்கிற சத்தம் கேட்டது, ஒன்று, இன்னொன்று, அப்புறம் நின்றுவிட்டது. அத்தை டம்ளரை அவன் கையில் கொடுத்தார். “போதும் மாப்பிள்ளை. மீதி அதுல இருக்கு.” கொஞ்சம் நிறுத்தி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “கொட்டல” என்றார். அவன் டம்ளரைப் பார்த்தான். சரிபாதி. இந்த அறையில் அவனுக்குக் கிடைத்த முதல் சரியான ரீடிங் அது, யாரும் திருத்தாதது, ஆனால் பாதி போதாதே, பாதியில் கிட்னி ஓடாதே, மீதியையும் குடிங்க அத்தை என்று சொல்லலாம், சொல்ல அவன் யார், மாப்பிள்ளையாகச் சொன்னால் குடித்ததாகக் காட்டுவார், வேறு யாராகச் சொல்வது, எந்தக் குரலில்... டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அங்கேயே நின்றான்.